புழக்கடை வெங்காயமும் அதன் தொல்லைகளும்

2019-ஆம் ஆண்டின் கடைசியில் சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றது அங்கத்தினர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி மத்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தும் விலை உடனே இறங்கிவிடவில்லை. வாரக் கூலியை எண்ணிச் செலவிடும் நெசவுக் குடும்பங்களில் சாம்பாருக்கு வெங்காயம் உரிப்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாயிற்று. தறிக்கொட்டகைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்திப் பாத்தி பிடித்து, நமக்கு வேண்டியதை நாமே விளைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அப்பொழுது பலருக்கு உண்டாயிற்று. ஆனால் ஊன்றியவர்களுள் பலர் ஒரு பட்டத்தோடு கைவிட்டனர். காய் முளைக்கவில்லை என்பார் ஒருவர். முளைத்த தாள் நுனி கருகிற்று என்பார் மற்றொருவர். தாள் செழித்து வளர்ந்தும் அடியில் காய் இல்லை என்று வருந்துவோரும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை வெங்காயத்தின் குணம் அறியாமையால் விளையும் தொல்லைகளேயன்றி, நம் ஊர் மண்ணுக்கு வெங்காயம் ஆகாது என்பதனால் அல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சின்ன வெங்காய இரகங்கள் வயலில் ஹெக்டேருக்கு 12 முதல் 16 டன் வரை தரும் என்பர். இதைச் சென்ட்டாக மாற்றினால் ஒரு சென்ட்டுக்கு 48 கிலோவுக்குக் குறையாது. ஹெக்டேருக்கு 1,500 கிலோ விதைக்காய் என்ற அளவின்படி ஒரு சென்ட்டுக்கு 6 கிலோ காய் ஊன்ற வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் வயல் விளைச்சலில் பாதி கிடைத்தாலே போதும் என்று வைத்துக்கொண்டாலும், வாரம் 2 கிலோ செலவிடும் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் சுமார் மூன்று மாதத்துக்குக் காய் கொடுக்கும். காய் ஊன்றியதிலிருந்து 65 அல்லது 70 நாளில் அறுவடை. இவ்வளவு குறைந்த நாளில், இவ்வளவு குறைந்த இடத்தில், பல வாரம் வைத்துண்ணத்தக்க விளைபொருள் வேறு அதிகமில்லை. எனவே ஒரு பட்டம் தவறினால் இழப்பது 6 கிலோ விதைக்காய் மட்டுமன்று. மூன்று மாதத்துச் சமையலறைச் செலவுமாகும்.

வாய்க்கால் ஊரில் வெங்காயம்

கொமரலிங்கம் அமராவதிக் கரையில் அமைந்த ஊர். 1950-களில் அமராவதி அணை எழுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கல்லாபுரம், ராமகுளம், கொமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு ஆகிய ராஜவாய்க்கால்கள் இப்பக்கத்து நிலங்களுக்கு நீர் தந்து வருகின்றன. நெல்லும் கரும்பும் தென்னையும் இங்கே செழிப்பது அந்த ஈரத்தால்தான். ஆனால் நெல்லுக்கு உகந்த அந்த ஈரமே வெங்காயத்துக்குப் பகையாகும். குடிமங்கலம், பெதப்பம்பட்டி, குண்டடம் பக்கங்களில் கிணற்றுப் பாசனத்தில் மேட்டு நிலத்தில் வெங்காயம் நன்றாக வருவதையும், வாய்க்கால் ஓரத்து வீட்டுப் புழக்கடையில் அதே காய் அழுகுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

வெங்காயத்துக்கு ஆணிவேர் கிடையாது. அதன் அடித்தட்டிலிருந்து நூல் நூலாகப் புறப்படும் வேர்களில் பெரும்பகுதி மேல் முக்கால் அடி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அவ்வேர்களுக்குக் காற்று வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் பக்கத்து மண்ணில் கசிவு ஏறி நின்றால், மேலே மண் காய்ந்ததுபோல் தோன்றினாலும் கீழே வேர் மூச்சுத் திணறுகிறது. தாள் மஞ்சளாவதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவோரும் உண்டு. அது நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது போலாகும். பாத்தியில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். குழியின் அடியில் நீர் ஊறி நின்றாலோ, மண்ணைப் பிடித்தால் களிம்பாகக் கையில் ஒட்டினாலோ அவ்விடத்தில் தட்டைப் பாத்தி ஆகாது. அரை அடி முதல் ஓர் அடி வரை உயர்த்தி மேட்டுப் பாத்தி கட்டி, ஆற்று வண்டலோ மணலோ நன்கு மட்கிய தொழுவுரமோ கலந்து, சுற்றிலும் வடிகால் விட வேண்டும். வயலில் பார் பிடித்து, பாரின் இரு சரிவிலும் காய் ஊன்றுவதன் நோக்கமும் இதுவே.

மற்றொன்று தென்னை நிழல். நம் ஊரில் தென்னை இல்லாத புழக்கடை அரிது. தென்னையடியில் ஊன்றிய வெங்காயம் வெளிறிய, மெலிந்த தாள்களை நீட்டி வெயிலைத் தேடிக்கொண்டு நிற்குமேயன்றிக் காய் கட்டாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் இல்லையேல், அங்கே வெங்காயத்துக்குப் பதில் மஞ்சளோ கருணையோ வைப்பதுதான் விவேகம்.

பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் ஊன்றுவது வழக்கம். நம் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. மேட்டு நிலத்தாருக்கு ஐப்பசிப் பட்டம் இலாபந்தான். வாய்க்கால் ஓரத்தார் அந்த அவசரத்தை விட்டுவிட்டு, மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் ஊன்றினால் அழுகலில் பாதி குறையும் என்பது என் கருத்து.

காய் முளைக்காத காரணம்

கடையில் வாங்கிய புதுக் காயை அப்படியே ஊன்றுவது வீட்டுத் தோட்டக்காரர் பலரும் செய்யும் பிழை. யானும் ஒருமுறை செய்தேன். வாங்கிய காய் பளபளவென்று இருந்தது. தோலும் நல்ல சிவப்பு. ஊன்றி இருபது நாளாகியும் பத்துக்கு மூன்று கூட முளைக்கவில்லை. முளைத்தவையும் ஒன்றுக்கொன்று வயது வேறுபட்டவை போல் நின்றன. காரணம் யாதெனில், அறுவடையான வெங்காயத்துக்கு உறக்க காலம் ஒன்று உண்டு. செடி தன் காயை வறட்சியிலிருந்து காத்துக்கொள்வதற்காக இயற்கை அமைத்த ஏற்பாடு அது. அந்த உறக்கம் தெளியும் முன்னர் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் முளை சரியாக வராது. அனுபவமுள்ள விவசாயிகள் விதைக்காயை இரண்டு மூன்று மாதம் பட்டறையில் இருப்பு வைத்த பிறகே ஊன்றுகிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர் விதைக்காயைச் சந்தையில் வாங்குவதைவிட, பட்டறை வைத்திருக்கும் விவசாயியிடம் பழைய காயாகக் கேட்டு வாங்குவது நல்லது. நுனியில் பச்சை முளை எட்டிப் பார்க்கும் காய் உடனே ஊன்றத்தக்கது.

காய் நடுத்தர அளவாக இருக்க வேண்டும். மிகப் பெரிய காயை ஊன்றினால், விதைச் செலவு கூடுவது ஒருபுறமிருக்க, மார்கழிக் குளிரில் பூத்தண்டு விட்டுவிடும். பூத்தண்டு வந்த செடியின் காய் நடுவில் கட்டையாகி, இருப்புக்கு ஆகாமல் போகும். தண்டைக் கண்டவுடன் கிள்ளிப் பொரியலுக்குச் சேர்த்து, அச்செடியின் காயை முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் காயையும், அடித்தட்டில் வெண்பூசணம் பூத்த காயையும் தயவு தாட்சணியமின்றி ஒதுக்க வேண்டும். ஒரு காயின் நோய் பாத்தி முழுவதற்கும் முதலாகிவிடும். ஊன்றும் முன் ஒரு கிலோ காய்க்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் உயிர்ப் பூசணத் தூளைக் கலந்து நிழலில் உலர்த்தி ஊன்றினால், அழுகல் பூசணத்தை அது ஓரளவு அடக்கும். காயின் கழுத்து மண்ணோடு மண்ணாக இருக்கும்படி ஊன்றினால் போதும். ஆழப் புதைத்தால் வேர் பிடிக்குமுன் அழுகும். செடிக்குச் செடி 10 செண்டிமீட்டர், அதாவது நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

பெரிய வெங்காயத்தை, அதாவது பல்லாரியை, விதை போட்டு வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெங்காயம் காய் கட்டத் தொடங்குவது பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வட பகுதியிலும் பயிராகும் இரகங்களுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பகல் வேண்டும். கொமரலிங்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரந்தான். ஆகவே, அழகிய படம் அச்சிட்ட அயல்நாட்டு விதைப் பொட்டலத்தைத் தபாலில் வரவழைத்து விதைத்தால், எவ்வளவு பாடுபட்டாலும் பச்சைத் தாள்தான் கிடைக்கும். செடியின் மேலும் தோட்டக்காரரின் மேலும் குற்றமில்லை; விதை ஊர் மாறி வந்துவிட்டது. நம் நாட்டுச் சமவெளிக்கென்று தேர்ந்தெடுத்த குறுகிய பகல் இரகங்களையே கேட்டு வாங்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் கோயமுத்தூரார் வெளியிட்ட கோ 5 என்னும் இரகம் விதை மூலம் நாற்றுவிட்டு நடக்கூடியது. சற்று நாள் கூடினாலும், விதைக்காய்க்கு ஆகும் பெருஞ்செலவை அது மிச்சப்படுத்துகிறது.

உப்பும் சாயத் தண்ணீரும்

இது நெசவாளரும் விவசாயியும் ஒரே சங்கத்தில் அமர்ந்து பேச வேண்டிய விஷயம். ஆதலின் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உப்பைத் தாங்கும் திறனில் பயிருக்குப் பயிர் வேற்றுமை மிக உண்டு. மண்ணின் உப்பை மின்கடத்து திறனால் அளப்பார்கள். அதற்கான அலகு டெசிசீமன்ஸ் எனப்படும். பருத்திச் செடி 7.7 அலகு வரை விளைச்சல் குறையாமல் தாங்குகிறது. நெல் 3 அலகு வரை தாங்கும். வெங்காயமோ 1.2 அலகுக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் ஒவ்வோர் அலகு கூடும்பொழுதும் விளைச்சலில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு குறைந்துவிடும். அதாவது, பருத்தி சுகமாக நிற்கும் மண்ணில் வெங்காயம் அநேகமாக ஒன்றுமே விளையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருத்தி நன்றாக வருகிறதே, வெங்காயம் ஏன் வரவில்லை என்று கேட்போருக்கு இதுவே விடை.

பருத்தி நூலுக்குச் சாயமேற்றும் தொட்டியை அறிந்தோர், அதில் எவ்வளவு உப்பு சேர்க்கிறோம் என்பதையும் அறிவர். இன்று பெரும்பாலும் வழங்கும் இரசாயனச் சாயங்கள் நூலில் பற்றுவதற்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை, சில வேளை அதற்கு மேலும், உப்புச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சாயம் நிலைப்பதற்குச் சோடாவும் சேர்க்கிறோம். நூல் எடுத்துக்கொள்வது சாயத்தை மட்டுமே. உப்பு முழுவதும் கழிவு நீரில் மிஞ்சுகிறது. அந்நீர் நிறம் வெளுத்துத் தெளிந்து நின்றாலும் உப்பு வெளியேறிவிடுவதில்லை. நிறத்தைக் கண்டு தண்ணீரை மதிப்பிடுவது இதனால்தான் தவறாகிறது.

இதன் பெரும் உருவத்தை நம் மாவட்டமே கண்டிருக்கிறது. திருப்பூரின் சாய, சலவைத் தொழிலகங்களின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992-இல் பயனுக்கு வந்த அணை, அக்கழிவு தங்கும் தேக்கமாக மாறிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் நிலமும் கிணறும் கெட்டு நீதிமன்றத்தை நாடினர். கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத சாயத் தொழிலகங்களை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் வேலை இழந்தோரும் நம்மவரே. அதற்கு முன் நிலம் இழந்தோரும் நம்மவரே. கொமரலிங்கம் அமராவதி ஊராகையால் அத்துன்பம் நம் வாசலுக்கு வரவில்லை. ஆனால் சிறு அளவில் அதே காரியத்தைத் தன் சொந்தப் புழக்கடையில் செய்துகொள்பவர் உண்டு. வீட்டில் சிறிதளவு நூலுக்குச் சாயமேற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் சாய்ப்பது, சோப்புத் தூள் கரைத்த துணி துவைத்த தண்ணீரை வெங்காயப் பாத்திக்குத் திருப்புவது ஆகியவை இவ்வகை. சோப்புத் தூளிலும் சோடியம் உண்டு. சோடியம் ஏறிய மண், மழை பெய்தால் குழம்பாகவும் வெயிலடித்தால் ஓடு போலவும் இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. அரிசி கழுவிய நீரும், காய்கறி அலசிய நீரும் பாத்திக்கு நல்லவையே. துணி துவைத்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் மாற்றி மாற்றி விடலாம், வெங்காயத்துக்கு வேண்டாம். சாயத் தண்ணீர் எந்தப் பயிருக்கும் வேண்டாம்.

உப்பின் அடையாளங்கள் எளியவை. முதிர்ந்த தாள்களின் நுனி ஒரே சீராக வெளுத்துக் கருகிக் கீழ்நோக்கி இறங்கும். பாத்தியின் மேட்டுப் பகுதியில் தண்ணீர் வற்றியபின் வெள்ளைப் பூ பூத்தாற்போல் படியும். இப்படிக் கண்டால் உரம் இடுவதில் பயனில்லை. மண்ணையும் கிணற்று நீரையும் வேளாண்மைத் துறையாரின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி அறிந்துகொள்ள வேண்டும். வாய்க்கால் நீரோ மழை நீரோ கிடைக்குமானால் பாத்தியை இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்து வடித்துவிட்டால் உப்பு கீழே இறங்கும். சோடியத்தால் இறுகிய மண்ணுக்கு ஜிப்சம் இட்டு, அதன் பிறகு நீர் கட்டி வடிக்க வேண்டும். வெங்காயத்தின் காரத்துக்குக் காரணமான கந்தகமும் ஜிப்சத்தில் இருப்பதால் அது மேலும் ஓர் இலாபம்.

தாள் உண்டு, காய் இல்லை

கரும்பச்சையாகத் தாள் வளர்ந்து, கழுத்து கட்டை விரல் பருமன் தடித்து, அடியில் காய் திரளாமல் நிற்பது தழைச்சத்து மிகுதியின் விளைவு. அன்புள்ள தோட்டக்காரரிடமே இத்தொல்லை அதிகம். வாரந்தோறும் கடலைப்புண்ணாக்குக் கரைசலும், அதன்மேல் யூரியாவும் இடுபவர் தாளை வளர்க்கிறாரேயன்றிக் காயை வளர்க்கவில்லை. வயலுக்குப் பரிந்துரைக்கும் அளவே ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்துத்தான். அதிலும் பாதி அடியுரமாகவும், மீதி முப்பதாம் நாளிலும் இடப்படும். முப்பது நாளுக்குப் பிறகு தழை உரம் ஏதும் கூடாது. பச்சைச் சாணத்தை நேரே இடுவதும் தீது. அது வேர்ப்புழுக்களையும் ஈப்புழுக்களையும் அழைத்து வரும். ஓராண்டு மட்கிய தொழுவுரம் அடியில் இட்டால் வீட்டுப் பாத்திக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

தண்ணீர், ஊன்றிய அன்று ஒரு முறை, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் மண்ணுக்குத் தக்கபடி வாரம் ஒரு முறை. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். களை எடுப்பதில் சோம்பல் ஆகாது; வெங்காயத் தாள் நிமிர்ந்து நிற்பதால் மண்ணுக்கு நிழல் தராது, களையே வெல்லும். ஆனால் ஆழக் கொத்தாமல் கையால் பறிப்பது நல்லது.

பேனும் பூசணமும்

வெயிற்காலத்துப் பகை பேன். மழைக்காலத்துப் பகை பூசணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் கைவந்ததாகும்.

தாளில் வெள்ளி மினுக்குப் போன்ற கோடுகளும் திட்டுக்களும் தோன்றித் தாள் வெளுத்துச் சுருண்டால் அது இலைப்பேனின் வேலை. பூச்சி மிகச் சிறியது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். நடுத்தாள்கள் பிரியும் இடுக்கில் ஒளிந்து, மேல்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். தாளை விரித்துப் பிடித்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் ஊர்வதைக் காணலாம். காலையில் பூவாளியால் தண்ணீரைச் சற்று வேகமாகத் தாளின் இடுக்கில் படும்படி தெளித்தால் பெரும்பாலானவை கழுவுண்டு போகும். பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் முன்கூட்டியே விதைத்து வைப்பது, காற்றில் வரும் பேனையும், ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் தாள் ஒடிவதையும் ஒருங்கே தடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து வடிகட்டி மாலையில் தெளிக்கலாம். வெங்காயத் தாளின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் கரைசல் உருண்டு ஓடிவிடும். காதி சோப்புச் சிறிது கரைத்துச் சேர்த்தால் ஒட்டும். சோப்பை அதிகமாக்கினால் அம்மெழுகே கரைந்து, பூசணத்துக்குக் கதவு திறந்து விட்டதாகும் என்பதை மறக்கலாகாது.

மழை நாட்களில் தாள் முறுக்கிக்கொண்டு, கழுத்து நீண்டு, கோழியின் கால் போலக் கோணிக்கொள்வதைக் கோழிக்கால் நோய் அல்லது திருகல் நோய் என்பர். இது கொலிட்டோட்ரைக்கம் என்னும் பூசணத்தால் வருவது. மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது செடிக்குச் செடி தாவுகிறது. காயும் திரளாமல் நீண்டு மெலிந்துபோம். மற்றொன்று, தாளில் சிறு வெண்குழியாகத் தோன்றி, நடுவில் ஊதா நிறம் பரந்து, வளையம் வளையமாகப் பெருகி, அவ்விடத்திலேயே தாளை ஒடித்துச் சாய்க்கும் ஊதாப்புள்ளி நோய். பேன் சுரண்டிய புண் அதற்கு நுழைவாயிலாகிறது. இவற்றைக் கண்டவுடன் பாதிக்கப்பட்ட செடிகளைப் பிடுங்கி அப்பால் எரித்துவிட வேண்டும். குப்பைக் குழியில் போடுவது நோயை அடுத்த பட்டத்துக்குச் சேமித்து வைப்பதாகும். மாலையில் தாள் நனையத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும். பேனுக்குச் சொன்ன பூவாளி வைத்தியம் வெயிற்காலத்துக் காலை வேளைக்கு மட்டுமே உரியது. நோய் தலைகாட்டும் முன்பே, மழை தொடங்கும் சமயத்தில் சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிப்பது நன்று.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மருந்தை எல்லாம் அடிப்பது குறித்து ஒரு எச்சரிக்கை. வயலில் அடித்தால் அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று கணக்குண்டு. புழக்கடையிலோ காலையில் மருந்தடித்த பாத்தியில் மாலையில் குழந்தை போய் இரண்டு தாள் கிள்ளி வரும். பச்சை வெங்காயத்தைப் பழைய சோற்றுக்குக் கடிப்பதும் நம் வழக்கம். மானோகுரோட்டோபாஸ் போன்ற மருந்தைக் காய்கறிகளுக்கு அடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டதாகும். வேம்புக்கு மேற்பட்ட மருந்து வேண்டியிருந்தால் வேளாண்மை அலுவலரைக் கேட்டே செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், வீட்டுப் பாத்திக்கு அவ்வளவு மருந்து வேண்டியிருக்குமானால் அப்பட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவதே மேல் என்பேன்.

அடித்தட்டு அழுகல் மண்ணில் வாழும் பூசணத்தால் வருவது. தாள் நுனியிலிருந்து மஞ்சளாகி இறங்கும். செடியைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பின்றிக் கையோடு வரும். வேர் அற்று, அடித்தட்டில் வெண்பூசணம் படர்ந்திருக்கும். உப்பினால் கருகிய செடியோ இழுத்தால் எளிதில் வராது. இரண்டையும் பிரித்தறிய இச்சோதனை போதும். இப்பூசணம் மண்ணில் பல ஆண்டு உயிரோடிருக்குமாதலால், ஒரு முறை கண்ட பாத்தியில் மூன்று ஆண்டுகளாவது வெங்காயமும் பூண்டும் வைக்காமல் கீரை, அவரை, கம்பு என்று மாற்றிப் பயிரிட வேண்டும். சிறு தோட்டத்தில் இதைக் கடைப்பிடிப்பது கடினந்தான். நான்கு பாத்தி இருந்தால் ஆண்டுக்கு ஒன்றில் மட்டும் வெங்காயம் என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

பிடுங்கியபின்

பாதிக்கு மேற்பட்ட தாள்கள் கழுத்தில் மடிந்து சாய்ந்ததும் பிடுங்கலாம். பச்சையாக நிற்கும்பொழுதே அவசரப்பட்டுப் பிடுங்கினால் கழுத்து மூடாமல் அதன் வழியே அழுகல் புகும். பிடுங்கியவற்றை ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி அடுக்கி, மூன்று நான்கு நாள் உலர விட வேண்டும். வெயில் நேரே காயில் பட்டால் வெந்து வெளுத்துப் போகும். மழை மேகம் கண்டால் தறிக்கொட்டகைத் தாழ்வாரத்துக்கு எடுத்து வந்துவிடலாம்.

விவசாயிகள் வைக்கும் பட்டறையை அங்கத்தினர்கள் பார்த்திருப்பர். தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் கல்லோ கட்டையோ கொடுத்து மேடை கட்டி, அகலம் குறைவாக வைத்து, இருபுறமும் மூங்கில் தட்டியோ ஓலைத் தட்டியோ நிறுத்தி, மேலே தென்னங்கீற்று வேய்ந்தது அது. அதன் இரகசியம் எல்லாம் காற்றோட்டமே. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்றுப் புகுந்து காயின் ஈரத்தை எடுத்துச் செல்கிறது. விலை ஏறும் வரை மாதக் கணக்கில் காயைக் காக்க வல்லது அந்தப் பட்டறை. வீட்டுக்கு அதையே சிறிதாக்கிக்கொள்ளலாம். பழைய தறிச் சட்டத்தை ஓரடி உயரத்தில் கிடத்தி, மூங்கில் தட்டி பரப்பி, அரை அடி உயரத்துக்கு மேற்படாமல் காயைப் பரப்ப வேண்டும். அல்லது தாளோடு இருபது முப்பது செடிகளாகச் சேர்த்துப் பருத்திக் கழிவு நூலால் கட்டி, பரணில் கற்றை கற்றையாகத் தொங்கவிடலாம். பாலிதீன் பையிலும், உருளைக்கிழங்குக் கூடையிலும், அடுப்பங்கரை ஈரத்திலும் வைக்கலாகாது. தோலுக்கடியில் கரித்தூள் போலக் கறுப்புப் படிந்த காய் பூசணம் ஏறியது. அதை வாரம் ஒரு முறை பொறுக்கி எடுக்காவிட்டால் பக்கத்துக் காய்க்கும் பரவும்.

கற்றைகளில் நடுத்தரக் காயாக, கழுத்து மெலிந்து இறுகியதாக, பூத்தண்டு விடாத செடியிலிருந்து வந்ததாகப் பார்த்து 6 கிலோவைத் தனியே அடையாளமிட்டு வைத்துவிட வேண்டும். சமையலுக்கு எடுப்பவர் தெரியாமல் அதைத் தொட்டுவிடாதபடி பரணின் உட்பக்கம் தொங்கவிடுவது நல்லது. மாசி, பங்குனியில் கட்டிய அக்கற்றை வைகாசிப் பட்டத்துக்கு உறக்கம் தெளிந்து தயாராக நிற்கும்.